சூலூர் பஸ்ஸில் ஏறியது யார்

சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்குக்கு வேறு ஊர்த் தண்ணீர் பிடிக்காது என்று கோயமுத்தூர்க்காரர்கள் பெருமை பேசிக்கொள்வார்கள். நான் சூலூர்க்காரி, உப்புத் தண்ணீரில் வளர்ந்தவள், அதனால் எனக்கு அந்தப் பெருமை கிடையாது. ஆனாலும் நீங்கள் இப்போது கொடுத்த தண்ணீர் நன்றாக இருந்தது. பானையில் ஊற்றி வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் போலீஸிடம் சொல்லி இன்னொரு டம்ளர் வாங்கிக் கொடுங்கள், குடித்துவிட்டுச் சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. நானாகத்தானே வந்திருக்கிறேன்.

என் பெயர் கனகம். பீளமேட்டில் குடியிருக்கிறோம். என் கணவர் மோகன்குமார் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறார், கவிதை எழுதுகிறார். கவிஞர் மோகன்குமார் என்றால் உங்களுக்குத் தெரியாது. அதற்காக வருத்தப்படாதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு முந்நூறு பேருக்குத்தான் தெரியும், அந்த முந்நூறு பேரும் கவிஞர்கள்.

அவருடைய அம்மா தெய்வாத்தாள் போன சித்திரையில் எங்கள் வீட்டில் இறந்துபோனார். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தவர், வயதும் ஆகிவிட்டது, வெயிலும் அதிகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். டாக்டரே எழுதிக் கொடுத்த பிறகு எதற்கு அம்மா போட்டுக் கிளறுகிறீர்கள் என்று காலையிலிருந்து நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அத்தை எப்படிச் செத்தார் என்பது சரியாகப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான். வேறு எனக்கு ஒன்றும் வேண்டாம்.

மேசைமேல் இருக்கிற பலகையில் வரதராஜுலு என்று பார்த்தேன். உங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டுப் பேச்சுதான் இருக்கும். அதனால் சில விஷயங்களை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நாம் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறோம், வாசலைத் தாண்டினால் தமிழ். அந்தத் தெலுங்கை எழுதத் தெரியாது. கடிதம் போட்டால் தமிழ் எழுத்தில் தெலுங்கை எழுதுவோம். ஆந்திராவிலிருந்து ஒருவர் வந்தால் நாம் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார், பக்கத்து வீட்டுக் கவுண்டரம்மா நம் தமிழைக் கேட்டுச் சிரிப்பார். இரண்டு பக்கமும் சிரிப்பு வாங்கியே பெரியவர்கள் ஆனோம். தெலுங்கிலேயே சொல்லுங்கள் என்று காலையில் பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். வேண்டாம், தமிழிலேயே சொல்கிறேன். எழுதுகிறவருக்குச் சிரமம்.

கல்லூரியில் படிக்கும்போது மோகன்குமாரைப் பார்த்தேன், பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். அவர் தாராபுரத்துக் கவுண்டர் வீட்டுப் பையன். என் அப்பா கண்ணையா சூலூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த அன்றே என்னைத் தலைமுழுகிவிட்டு மறுபடி தறிக்குப் போய்விட்டார். பீளமேட்டுக்கும் சூலூருக்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து கண் அசருவதற்குள் வந்துவிடும் தூரம்தான். நான் ஏறவில்லை, அம்மாவும் ஏறவில்லை.

என் கணவர் வீட்டில் அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அமராவதிக் கரையில் தோட்டம், நாலு எருமை. எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது அத்தை மட்டும் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ஏங்கண்ணு, தண்ணிக்கு உங்கூட்டுல என்னன்னு சொல்லுவீங்க?"

"நீள்ளுங்க அத்தை."

"நீள்ளு. நீள்ளு." இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நெம்ப நல்லாருக்குது. ஒரு வார்த்தையாச்சும் உன்ற பேச்சு இந்த ஊட்டுல இருக்கோணும் அம்மணி. இல்லீனா உனக்கு வெசனமா இருக்குமில்ல?"

அதற்குப் பிறகு பத்து வருஷமும் என்னிடம் தண்ணீர் கேட்டால் அந்தச் சொல்லில்தான் கேட்பார். மற்றவர்களிடம் தண்ணி, என்னிடம் நீள்ளு. ஊரார் முன்னிலையில்கூட அப்படித்தான். எனக்கு அது கூச்சமாக இருந்தது. அத்தை நல்லவர் என்று தாராபுரம் முழுவதும் சொல்வார்கள், நீங்கள் போய் விசாரித்தாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். நல்லவர்களோடு குடித்தனம் செய்வது லேசான காரியம் இல்லை. எதற்கும் சண்டை போட முடியாது.

இனிமேல் கவிதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் கொட்டாவி விடலாம், தப்பில்லை.

கல்யாணமான புதிதில் அவர் மழையைப் பற்றி எழுதினார், நிலாவைப் பற்றி எழுதினார், ஒரு சமயம் புரட்சியைப் பற்றிக்கூட எழுதினார். நான்தான் நல்ல கையெழுத்தில் நகல் எடுத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கவிஞர்கள் கூடுவார்கள், குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து உலகத்தைத் திட்டுவார்கள். அங்கே யாரோ ஒருவர், "எல்லாம் இருக்கு மோகன், ஆனா அனுபவம் இல்லை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. அனுபவம், அனுபவம். கடையில் விற்றால் ஒரு கிலோ வாங்கிவந்து போட்டிருப்பேன். அனுபவம் தேடி ஒரு நாள் மதுக்கரைக்குப் போய்ச் சிமெண்ட் ஆலைத் தொழிலாளர்களோடு இருந்துவிட்டு, சாயங்காலம் தும்மிக்கொண்டே திரும்பி வந்தார். தும்மல் நின்ற பிறகு சாம்பல் மனிதர்கள் என்று ஒன்று எழுதினார். அதைப் படித்துவிட்டுத் தொழிலாளர் ஒருவர்கூடத் தும்மவில்லை.

அப்புறம் என் அம்மா இறந்தாள்.

என் தம்பி வம்சி காலையில் அவருடைய கல்லூரிக்கு ஃபோன் செய்து சொல்லியிருக்கிறான். இவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, காபி குடித்துவிட்டு என்னிடம் சொன்னார். அதற்குள் சூலூரில் எல்லாம் முடிந்துவிட்டது.

"காலைல சொன்னா நீ ஓடியிருப்ப. உங்கப்பா நாலு பேரு முன்னால எதாச்சும் சொல்லிப்போடுவாரு. உன்ற நல்லதுக்குத்தான் கனகா."

மறுநாள் சூலூர் பஸ்ஸில் ஏறினேன். ஒண்டிப்புதூர் வரைக்கும் போய், இனிமேல் எதற்கு என்று இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துவிட்டேன். சமையலறையில் நின்றபடி அவரிடம் சொன்னேன். "எந்தப் பாஷைல அழுவறதுன்னு தெரியலீங்க. அங்க போனா தெலுங்குல அழுவோணும், அது வாயில வரமாட்டேங்குது. இங்க தமிழ்ல அழுதா எங்கம்மாவுக்குப் புரியாது."

அவர் சட்டென்று எழுந்தார். என்னைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். பேனாவை எடுக்கப் போனார்.

சூலூர் பஸ் என்ற அந்தக் கவிதைதான் அவரைப் பெரிய ஆளாக்கியது.

என் அம்மா செத்த மொழி
எனக்கு மறந்துவிட்டது.
ஒண்டிப்புதூரில் இறங்கி
ஊமையாகத் திரும்பினேன்.

நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நல்ல வரிகள். என் வாயிலிருந்து வந்ததில் பாஷையை மட்டும் கொஞ்சம் கழுவி எடுத்துப் போட்டிருந்தார். ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாத கவுண்டர் வீட்டுப் பையன் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் தவிக்கிற கவிஞர் ஆகிவிட்டார். இரண்டாம் பாஷை எதுவென்று யாரும் கேட்கவில்லை. அனுபவம் இல்லாமல் இப்படி எழுத முடியாது என்று மதுரையிலிருந்து ஒரு விமர்சகர் எழுதினார். அந்த ஆளை நேரில் பார்த்தால் ஒரு காபி போட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் அது கவிதை. எங்கள் வீட்டில் பிள்ளையைத் தூங்கவைக்கிற பேச்சு, அப்பா தறிச் சத்தத்துக்கு மேல் கத்துகிற வசவு, அம்மாவின் நோம்பிச் சமையல், எல்லாம் வரிசையாகப் புத்தகத்துக்குப் போயின. நான் பேச்சைக் குறைத்தேன். அவர் விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "அப்பறம், உங்கூட்டுல எழவு உழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். ஒரு கட்டத்தில் எனக்கு விளையாட்டாகிவிட்டது. எங்கள் பெண்கள் தெலுங்கில் கனவு கண்டு தமிழில் முழித்துக்கொள்வார்கள் என்று சும்மா அடித்துவிட்டேன். பொங்கல் அன்றைக்கு வீட்டுக் கண்ணாடிகளைத் திருப்பி வைப்போம் என்று ஒரு புளுகு. அவையெல்லாம் அப்படியே அச்சில் வந்தன. சொல்லக் கூடாது, ஆனால் புத்தகத்தில் அதிகம் பாராட்டு வாங்கியது கண்ணாடிக் கவிதைதான்.

உக்கடத்தில் மரக்கடை வைத்திருக்கிற அப்துல் வஹீது என்று ஒருவர் அந்தக் கூட்டங்களுக்கு வருவார். வீட்டில் உருது, கடையில் தமிழ். ஒரு நாள் எங்கள் வீட்டில் கூட்டம் நடந்தபோது நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, அந்தச் சூலூர் பஸ்ஸுல ஏறுனது ஆருங்க?"

என் கணவர் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போய் இருந்தது.

"அவருதானுங்க" என்றேன்.

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடடா, பாவம் என்று இரண்டு பேர் உச்சுக் கொட்டிவிட்டு, மனைவியின் வேதனையைத் தன் வேதனையாக உணர்ந்தவர் என்று அவருக்கு இன்னொரு பாராட்டும் வாசித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியும்.

இன்னொருவரும் கேட்டார். அத்தை.

தாராபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார் யாரோ புத்தகத்தை வாங்கி அத்தைக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அடுத்த தடவை நாங்கள் தோட்டத்துக்குப் போனபோது, எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று மகனைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நா எப்பச் செத்தேன்?"

"அது கவிதைம்மா. அதுல வர்ற நான், நானில்ல."

"அப்ப ஆரு?"

அத்தை என் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. "அவிங்கம்மாளையா எழுதிப்போட்ட? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டயா?" என்றார். அன்று முழுவதும் மகனோடு பேசவில்லை. சோற்றை என் தட்டில் போட்டுவிட்டு அவருக்கு நீயே போட்டுவிடு என்று நகர்ந்துவிட்டார்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அத்தைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

போன தை மாதம் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. பீளமேட்டுக்குக் கொண்டுவந்தோம். சாந்தாமணி என்று ஒரு அம்மாள் பகலில் வந்து துணைக்கு இருப்பார். எழுந்து உட்கார முடியாது, டம்ளரில் குடிக்க முடியாது, கரண்டியில்தான் ஊட்டவேண்டும். மத்ததெல்லாம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீரை மட்டும் விட்டுவிடாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், கோடை வருகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அப்படியே செய்துவந்தேன். சாந்தாமணியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அவரே அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்.

சித்திரையில் என் கணவருக்குச் சென்னையில் ஒரு பரிசு அறிவித்தார்கள். அங்கிருந்து அப்படியே ஹைதராபாத்தில் ஒரு கருத்தரங்கு, இரண்டு மொழிகளுக்கு நடுவில் வாழ்கிற கவிஞர்களுக்காக. போக வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். எனக்கும் போகவேண்டும் என்று இருந்தது. என் முப்பாட்டன்மார் எந்த ஊரிலிருந்து மாட்டுவண்டி கட்டி வந்தார்களோ, அந்த மண்ணில் நின்று அந்தப் பேச்சை ஒருதரம் காதால் கேட்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. நானும் வரட்டுங்களா என்று கேட்டேன். அவரிடம் நான் எதையும் கேட்டது அபூர்வம்.

"நீயும் வந்துட்டா அம்மாவ ஆரு பாத்துக்கறது?" என்றார். பிறகு சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "அங்க மேடைல தெலுங்குல ரெண்டு வார்த்தை பேசுனா நல்லாருக்கும். எதாச்சும் சொல்லிக்குடு" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்து ஒருவரைக் கூட்டத்தில் அவமானப்படுத்துகிற ஆள் நான் இல்லை.

அவர் ரயிலேறிய பிறகு நிதானமாக யோசித்தேன். இவர் தன் அம்மா செத்துவிட்டதாக எழுதிப் பேர் வாங்கிவிட்டார். அம்மா உயிரோடு இருக்கிறார். கவிதை முன்னால் போய்விட்டது, அனுபவம் பின்தங்கி நிற்கிறது. வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு நேராக வேண்டும். அம்மா சாகும்போது பக்கத்தில் இல்லாமல் இருப்பது என்றால் என்ன, காபி குடித்த பிறகு கேள்விப்படுவது என்றால் என்ன என்று இவருக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் ஒரு உண்மையான கவிதையாவது எழுதுவார். அப்படிப் பார்த்தால் இலக்கியத்துக்கு நான் செய்தது கொஞ்சநஞ்சம் இல்லை.

சாந்தாமணி ஊரில் மாரியம்மன் நோம்பி. போய் இருந்துவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சந்தோஷமாகப் போனார்.

பிறகு நான் எதையும் செய்யவில்லை. அதைத்தான் செய்தேன்.

மற்ற எல்லாம் வழக்கம்போல நடந்தது. அத்தைக்கு உடம்பு துடைத்தேன், துணி மாற்றினேன், புரட்டிப் படுக்கவைத்தேன். படுக்கைப்புண் ஒன்றுகூட இல்லை, டாக்டரே அதைப் பார்த்துப் பாராட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகவில்லை. கரண்டியை மட்டும் தொடவில்லை. இடையில் ஒரு காலை சிறுவாணித் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் அது விட்டுவிட்டுத்தான் வரும், வந்தால் எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைக்கவேண்டும். குடம் நிறைகிற சத்தம் அத்தைக்குக் கேட்டது. அவர் கண் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி என்னிடம் வந்தது.

என் கணவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவார். கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பார்.

"அம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. தூங்கறாங்க. நீங்க வெசனப்படாம இருந்துட்டு வாங்க."

எங்கள் பக்கத்தில் பொய்யைக்கூட 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் சொல்வோம்.

ஒரு மத்தியானம் அத்தை போய்விட்டார். தாராபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். மோகன் எந்த ஓட்டலில் இருக்கிறான், நம்பர் என்ன என்று கேட்டார்கள். எனக்கு நம்பர் தெரியும். சொல்லிவிட்டுப் போகலீங்க என்றேன். வெயிலில் வைத்திருக்க முடியாது என்று தோட்டத்துக்கு எடுத்துப் போனார்கள். பங்காளி வீட்டுக் குமாரசாமி கொள்ளி வைத்தார். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இப்படி ஒரு மருமகள் கிடைக்க அவள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். அவர் வந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் பீளமேட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் கழுத்தில் ஒரு சால்வையோடு வந்து இறங்கினார். கை கால் கழுவச் சொன்னேன். காபி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, பிறகு சொன்னேன்.

அழுதார். நன்றாகவே அழுதார். எந்தப் பாஷையில் அழுவது என்ற குழப்பமெல்லாம் அவருக்கு வரவில்லை, மடை திறந்தமாதிரி தமிழிலேயே அழுதார். நான் மேசைமேல் தாளும் பேனாவும் எடுத்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன். இனி எழுதுவார், இந்தத் தடவை தன் சொந்தச் சரக்கை எழுதுவார் என்று உண்மையிலேயே நம்பினேன். என்னை முட்டாள் என்று சொல்லலாம். நான் மறுக்கமாட்டேன்.

ஆடியில் அந்தக் கவிதை ஒரு பத்திரிகையில் வந்தது. கடைசிக் கரண்டி என்று தலைப்பு.

என் கையில் கரண்டி.
அம்மா குடித்தாள்,
அமராவதியைக் குடிப்பதுபோல்
கண்மூடிக் குடித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதை வாசித்தார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வஹீது மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அத்தை செத்த நேரத்தில் ஹைதராபாத்தில் சால்வை போர்த்திக்கொண்டிருந்தவர், தன் கையால் தண்ணீர் ஊட்டியதாக எழுதி, அதை வாசிக்கும்போது தொண்டை அடைத்து நிறுத்தி, ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மேலே வாசித்தார். இவ்வளவு பாடுபட்டு ஒரு அனுபவத்தை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவைத்தேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடியும் பொய்யே எழுதுகிறார் என்றால் அந்த ஆளை என்ன செய்வது?

அத்தை குடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன். நீங்கள் என் கணவரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கத் தேவையில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், இங்கிருந்து தெரிகிறது. அவர் கையைப் பாருங்கள். பேனா மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்கள் வரதராஜுலு என்பதால் சொல்கிறேன், மற்றவர்களுக்கு இது விளங்காது. முதலில் அத்தை தமிழில்தான் கேட்டார். தண்ணி கண்ணு, தண்ணி என்றார். குழறியது, ஆனால் எனக்குப் புரிந்தது. நான் பேசாமல் இருந்தேன். மறுநாளும் கேட்டார். பிறகு, பாதிப் பேச்சுப் போன அந்த நாக்கைப் புரட்டிப் புரட்டிச் சிரமப்பட்டு, நீள்ளு என்றார். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தாரோ, என் வீட்டுப் பேச்சில் கேட்டால் எனக்குக் காது கேட்கும் என்று நினைத்தாரோ தெரியவில்லை. நீள்ளு அம்மணி, நீள்ளு. என் அம்மா போன பிறகு அந்தச் சொல்லை என்னிடம் சொல்ல உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். அப்புறம் கேட்பதை நிறுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் எனக்கு ஏதோ செய்தது. அது வருத்தம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்குக் கவிதை வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வந்தது. இத்தனை வருஷம் அடுத்தவர் கவிதையை நகல் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒன்று தானாக வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதை மனதிலேயே வைத்திருந்தேன், வீட்டில் எழுதி வைத்தால் திருட்டுப் போய்விடும். காலையில் வாக்குமூலம் எழுதச் சொல்லி நீங்கள் கொடுத்த தாளில் முதலில் அதைத்தான் எழுதினேன்.

கோடையில் படுத்திருந்தேன்.
என் பாஷையில் தண்ணீர் கேட்டேன்.
பக்கத்தில் ஆள் இருந்தது.
அந்தப் பாஷை தெரிந்தவர் அந்த வீட்டில் யாருமில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தேதியும் போட்டிருக்கிறேன். அவர் உள்ளே வந்தால் தாளைத் திருப்பி வைத்துவிடுங்கள். இது முழுக்க முழுக்க நான் பட்டது, இதில் ஒரு வரிகூட இரவல் இல்லை.